ஆடத் தெரியாதவர்கள் நாட்டியம் பார்ப்பது எப்படி?

நான் முதன்முதலில் உட்கார்ந்து பார்த்த பரதநாட்டிய நிகழ்ச்சி அலுவலக நண்பர் ஒருவரின் மகளுடைய அரங்கேற்றம். வாசலில் சந்தனமும் கற்கண்டும் கொடுத்தார்கள். உள்ளே ஏசி நன்றாக வேலை செய்தது, நாற்காலி மெத்தென்று இருந்தது. நிகழ்ச்சியின் மிக நீண்ட பகுதியான வர்ணம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது பாடகி அதே வரியைப் பாடிக்கொண்டிருந்தார். ஒரு நொடிதான் கண்ணயர்ந்திருக்கிறேன் என்று நிம்மதியாக நிமிர்ந்தேன். மனைவி கைக்கடிகாரத்தைக் காட்டினார். எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

"ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினால் தூக்கம் வராதா?" என்று வீடு திரும்பும் வழியில் கேட்டேன்.

"வரிதான் ஒன்று. அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொன்னாளே, நீங்கள் பார்க்கவில்லையா?" என்றார்.

பார்க்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த மார்கழியில் தனியாகப் போனேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இன்றும் எனக்கு ஆட்டத்தின் அடிப்படை அசைவான அடவு ஒன்றுகூடப் போடத் தெரியாது. ராகம் சொல்லச் சொன்னால் பத்தில் ஆறு முறை தப்பாகச் சொல்வேன். ஆனாலும் வர்ணத்தில் தூக்கம் வருவதில்லை. இது எப்படி நடந்தது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கென்று ஒரு முறை அமைந்துவிட்டது: ஒரு மாலைக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். காலையும் கையையும் கண்ணையும் பாட்டையும் கதையையும் ஒரே நாளில் பிடிக்கப் போனால் எதுவும் கையில் நிற்காது.

எங்கே, எப்போது

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை சென்னையில் நாட்டியத்துக்குப் பஞ்சமில்லை. மயிலாப்பூரில் பாரதிய வித்யா பவன், ரசிக ரஞ்சனி சபா. ஆழ்வார்பேட்டையில் நாரத கான சபா. தியாகராய நகரில் கிருஷ்ண கான சபா, வாணி மகால். திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா. மியூசிக் அகாடமியில் மட்டும் கணக்கு வேறு: புத்தாண்டு வரை இசை விழா, அது முடிந்தபின் ஜனவரி முதல் வாரத்தில் நாட்டிய விழா. டிசம்பரில் அங்கே போய் "டான்ஸ் எங்கே?" என்று கேட்டு அசடு வழிந்தவன் நான். மற்ற மாதங்களிலும் நிகழ்ச்சிகள் உண்டு. நவராத்திரி, சிவராத்திரி நாட்களில் கோயில் மண்டபங்களிலும் ஆடுவார்கள், அதற்கு டிக்கெட் இல்லை.

செய்தித்தாளின் அன்றைய நிகழ்ச்சிகள் பகுதியில் சபா, நேரம், ஆடுபவர் பெயர் மூன்றும் இருக்கும். மதியமும் முன்மாலையும் வளரும் கலைஞர்களுக்கு. பெரும்பாலும் இலவசம். ஆறு மணிக்கு மேல் பெயர் பெற்றவர்கள், டிக்கெட் இருக்கலாம். முதல் தடவையே பெரிய நட்சத்திரத்தைத் தேடிப் போக வேண்டாம். டிக்கெட்டுக்கு அலைந்து, பால்கனியின் கடைசி வரிசையில் இடம் கிடைத்து, நிலைக்கதவு உயரத்துக்குத் தெரியவேண்டிய ஆள் விரல் உயரத்துக்குத் தெரிவார். அதைவிட மாலை நாலு மணிக்கு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் மூன்றாவது வரிசை எவ்வளவோ மேல்.

தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, தனி ஆளாக ஆடும் நிகழ்ச்சியாக இருக்கட்டும். இரண்டு, பக்கவாத்தியம் மேடையில் இருக்கட்டும். பதிவுசெய்த இசைக்கு ஆடும் நிகழ்ச்சிகளும் உண்டு, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாடுகிறவரும் ஆடுகிறவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தக் கணங்கள் ஒலிப்பதிவில் கிடையாது.

யாராவது அரங்கேற்றத்துக்கு அழைத்தால் தட்டாமல் போங்கள். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்ற முழு வரிசையும் இன்றைக்கு அங்கேதான் நிச்சயமாகப் பார்க்கக் கிடைக்கும். மார்கழி சீசனில் ஒருவருக்கு ஒதுக்கப்படும் ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்காது, எதையாவது விட்டுவிடுவார்கள். இந்த வரிசைக்கு மார்கம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அரண்மனையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் ஒழுங்குபடுத்தியது. அரங்கேற்றத்தில் ஒரே சங்கடம், தில்லானாவுக்கு முன்னால் வரும் சிறப்பு விருந்தினர்களின் உரை. அந்த நேரத்தில் காபி குடிக்கப் போகலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்

ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே மார்கழிக் குளிர் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் சும்மா, உண்மையான குளிர் சபாவுக்குள்தான் இருக்கிறது. சீசனில் பல சபாக்களில் கேண்டீன் போடுகிறார்கள். நிகழ்ச்சிக்கு முன் முழு இலைச் சாப்பாடு வேண்டாம் என்பது என் சொந்த அனுபவம். அரங்கேற்றத்தன்று தூங்கியதற்கு அந்த மதிய விருந்தும் ஒரு காரணம். வடையும் காபியும் போதும்.

முதல் வரிசை கிடைத்தால் பெருமைப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். மேடை உயரமாக இருந்தால் ஆடுபவரின் பாதம் தெரியாது. நாட்டியத்தில் பாதி விஷயம் பாதத்தில் இருக்கிறது. ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரைக்கும், நடுவில் உட்கார்ந்தால் காலும் தெரியும், கண்ணும் தெரியும். முன்னால் உயரமான கொண்டையோடு யாராவது வந்து உட்கார்ந்தால் அது உங்கள் விதி.

மொபைலை அணைத்துவிடுங்கள். சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. இருட்டில் ஒரு திரை ஒளிர்ந்தால் பின்னால் இருக்கும் இருபது பேர் கண் அங்கேதான் போகும். படம் எடுக்க வேண்டுமானால் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மாலை: கால்

முதல் நாள் முகத்தைப் பார்க்காதீர்கள். கதையைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள்.

ஆடுபவர் முட்டியை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் நிற்பார். அதுதான் அரைமண்டி. இரண்டு தொடையும் தாழ்ந்து பக்கவாட்டில் விரிந்து, முதுகு நேராக இருக்கவேண்டும். வீட்டில் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நான் நாற்பது வினாடி தாக்குப்பிடித்தேன், மறுநாள் மாடிப்படி ஏறமுடியவில்லை. அதன்பிறகு மேடையில் ஒருவர் அரைமண்டியிலேயே வர்ணத்தில் தாளச் சொற்களுக்கு ஆடும் நீண்ட ஜதியை முடித்து, கடைசித் தட்டிலும் முட்டி நிமிராமல் நிற்பதைப் பார்த்தால் தானாக மரியாதை வரும். வழக்கமாக வரும் ரசிகர்கள் "நன்றாக உட்கார்ந்து ஆடுகிறாள்" என்று சொல்வது இதைத்தான். முதன்முதலில் இதைக் கேட்டபோது, நின்றுகொண்டு ஆடுகிறவரை ஏன் உட்கார்ந்து ஆடுவதாகச் சொல்கிறார்கள் என்று குழம்பினேன்.

மேல்நாட்டு பாலேயைத் திரையில் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே உடம்பு தரையை விட்டுப் போகத் துடிக்கிறது. கால் விரல் நுனியில் நின்று, எம்பி, காற்றில் ஒரு கணம் தங்குகிறார்கள். இங்கே உடம்பு தரையை நோக்கி இறங்குகிறது, உள்ளங்கால் முழுவதும் பதிந்து தட்டுகிறது. இரண்டும் ஒருமுறை சந்தித்த கதையும் சென்னையோடு சம்பந்தப்பட்டதுதான். கலாக்ஷேத்ராவை 1936இல் தொடங்கிய ருக்மிணி தேவி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவிடம் மயங்கி, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றுக்கொண்டார். உங்கள் நாட்டுக் கலையையும் பாருங்கள் என்று பாவ்லோவா சொன்னதாகச் சொல்வார்கள். பிறகு ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற நாட்டிய ஆசானிடம் சேர்ந்து, 1935 டிசம்பர் இறுதியில் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். தரையை விட்டு எழும்பக் கற்றவர் தரையில் உட்காரக் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும்.

காலைப் பார்க்க மிக எளிய உருப்படி, அதாவது நிகழ்ச்சியின் பகுதி, அலாரிப்பு. மூன்று நான்கு நிமிடம்தான். பாட்டே கிடையாது, தாளச் சொற்களான சொல்லுக்கட்டு மட்டும். முதலில் கண், பிறகு கழுத்து, தோள், கை என்று உடம்பு ஒவ்வொன்றாக விழிக்கும். நின்ற நிலையிலிருந்து அரைமண்டிக்கும், அங்கிருந்து முழுவதும் உட்காரும் முழுமண்டிக்கும் இறங்கும். கதை இல்லாததால் "இது என்ன அர்த்தம்?" என்ற கவலையும் இல்லை. அடுத்து வரும் ஜதீஸ்வரத்திலும் அப்படித்தான்: ஸ்வரம் பாடுவார்கள், அடவுகள் கோர்வையாக வரும், பொருள் என்று எதுவும் கிடையாது. கோலம் போடுவதைப் பார்ப்பது போலப் பாருங்கள்.

இரண்டாம் மாலை: காது

இந்த முறை மேடையின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே கையில் ஜால்ரா போன்ற சின்னத் தாளத்தோடு உட்கார்ந்து "தகதிமி" என்று சொல்லுக்கட்டுச் சொல்கிறவர்தான் நட்டுவனார், அவர் செய்வது நட்டுவாங்கம். அந்தத் தாளத்தில் ஒன்று இரும்பு, மற்றது வெண்கலம், அதனால்தான் அப்படிக் கணீரென்று அறைகிறது. பெரும்பாலும் ஆடுபவரின் குருவே இந்த இடத்தில் இருப்பார். சிஷ்யை ஒரு தட்டுத் தவறவிட்டால் முகம் மாறுவதைக் கவனிக்கலாம். எனக்கு அது நாட்டியத்துக்குச் சமமான சுவாரசியம். பக்கத்தில் பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது வீணை, சில சமயம் புல்லாங்குழல். பழைய நாட்களில் இவர்கள் எல்லோரும் ஆடுபவருக்குப் பின்னால் நின்றுகொண்டு கூடவே முன்னும் பின்னும் நகர்வார்களாம்.

இன்றைக்கு ஒரே வேலை, தாளம் எண்ணுவது. ஆதி தாளம் கற்றுக்கொண்டால் பாதி நிகழ்ச்சிக்குப் போதும். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை. பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காமல் மெதுவாகப் போடுங்கள். இரண்டு சுற்றில் தடுமாறுவீர்கள், ஐந்தாவது சுற்றில் பிடிபடும்.

பிடிபட்டதும் ஒரு வேடிக்கை தெரியும். நீண்ட ஜதியில் ஆடுபவர் எட்டுக்குள் அடங்காமல் எங்கெங்கோ போய்க்கொண்டிருப்பார். உங்கள் கை மட்டும் எட்டெட்டாக எண்ணிக்கொண்டே இருக்கும். இவர் எப்படித் திரும்பி வரப்போகிறார் என்று பயமாகக்கூட இருக்கும். கடைசியில் ஒரே சொல்லுக்கட்டு மூன்று முறை வரும், மூன்றாவதன் கடைசித் தட்டு உங்கள் கணக்கோடு சரியாக வந்து விழும். அதுதான் தீர்மானம். அந்தத் தட்டில் சலங்கையும் மிருதங்கமும் நட்டுவனாரின் தாளமும் உங்கள் தொடையில் விழும் தட்டும் ஒன்றாகிவிட்டால், அன்றோடு நீங்கள் ரசிகர்தான்.

மூன்றாம் மாலை: வர்ணம்

நான் தூங்கிய இடம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வர்ணம் அரை மணி நேரத்துக்குக் குறையாது, முக்கால் மணி நேரமும் போகும். இவ்வளவு நேரத்துக்கும் பாட்டு என்னவோ சில வரிகள்தான். பெரும்பாலும் ஒரே சூழ்நிலை: தலைவி ஒருத்தி, அவள் தோழி, வராமல் இருக்கும் தலைவன். தலைவன் பெரும்பாலும் கடவுள், சில பழைய வர்ணங்களில் அரசன். பள்ளிக்கூடத்தில் அகப்பாடல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தோழியிடம் தூது போகச் சொல்வதும், தலைவன் வராததால் நிலா சுடுவதும் நமக்குப் பழகிய சங்கதிதான். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது இங்கே கண்முன்னால் நடக்கிறது, அவ்வளவுதான்.

போவதற்கு முன் அல்லது தொடங்கும்போது வர்ணத்தின் முதல் வரி என்ன பொருள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் உருப்படிக்கும் முன் யாராவது விளக்கம் சொல்வார்கள். தமிழ் வர்ணத்தைத் தமிழ் ரசிகர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கும் வினோதத்தை நான் ஒருமுறை பார்த்தேன். முன்வரிசைப் பாட்டி ஒருவர் "இதெல்லாம் அவள் கண்ணே சொல்லிவிடும், நீ போம்மா" என்று உரக்கவே சொன்னார். அரங்கம் சிரித்தது, விளக்கமும் சுருங்கியது.

இப்போது அந்த வரியை எடுத்துக்கொள்வோம். "தோழி, நீ போய் அவரை அழைத்து வா" என்பதுபோல ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பாடும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நேரான கை: தோழி, நீ, போய், அவர், அழை. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், இதுதான் உங்கள் நங்கூரம். இரண்டாம் முறை அதே வரிக்குக் கெஞ்சுவாள். மூன்றாம் முறை "அவர்" என்ற சொல்லில் மட்டும் நின்று, யார் அவர் என்று காட்டுவாள். நான்காம் முறை தோழி போகத் தயங்க, தன் கை வளையலைக் கழற்றி அவளுக்கு ஆசைகாட்டுவாள். ஐந்தாம் முறை, அவள் போகிறாளா என்று வாசலில் எட்டிப் பார்த்து, தான் கட்டிய மாலையின் பூ வாடுவதைப் பார்த்து, மறுபடி "அழைத்து வா" என்று வரும்போது குரலில் இல்லாத கோபம் புருவத்தில் வந்துவிடும். பாடகியும் சும்மா இருக்கமாட்டார். அதே வரிக்கு ஒவ்வொரு முறையும் வேறு சங்கதி, அதாவது மெட்டில் சின்ன மாற்றம், போடுவார். ஆடுபவர் கெஞ்சினால் குரலும் குழையும். இப்படி வரியை விட்டுக் கிளம்பி, கிளைபிரிந்து, வரிக்கே திரும்பி வருவதற்கு சஞ்சாரி என்று பெயர்.

ஆகவே எண்ணுங்கள். தாளத்தை இல்லை, எத்தனை "அழைத்து வா" வந்தது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு பெயர் வையுங்கள்: கெஞ்சல், லஞ்சம், கோபம், அழுகை. சில சமயம் தவறான பெயராக இருக்கலாம். பரவாயில்லை. நான் ஒருமுறை தலைவி பந்து விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவி பிறகு சொன்னார், அவள் தயிர் கடைந்துகொண்டிருந்தாளாம்.

யார் அந்தத் தலைவன் என்று தெரிந்துகொள்ள மூன்று அடையாளங்கள் போதும். புல்லாங்குழல் என்றால் கண்ணன். தலையில் பிறை, கங்கை, கழுத்தில் பாம்பு என்றால் சிவன். வேலும் மயிலும் என்றால் நம் முருகன். கைமுத்திரைகள் என்று அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டாம். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் ஒற்றைக் கை முத்திரைகளே 28 என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் ஒரு முத்திரைக்கு ஒரே பொருள் கிடையாது. மோதிர விரல் நுனியைக் கட்டைவிரல் தொட மற்ற விரல்கள் நீண்டால் மயூரம், அது மயில். அதே கை நெற்றிக்குப் போனால் பொட்டு வைப்பது. விரல்களைச் சேர்த்து நீட்டிய பதாகம் மேகமும் ஆகும், காடும் ஆகும், "வேண்டாம்" என்று மறுப்பதும் ஆகும். கண் எங்கே போகிறது என்று பார்த்தால் கை என்ன சொல்கிறது என்பது விளங்கிவிடும்.

இடையிடையே ஜதிகள் வந்து, முகத்தாலும் கையாலும் பொருள் காட்டும் அபிநயத்தை வெட்டும். முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. அழுதுகொண்டிருந்தவள் திடீரென்று ஏன் துள்ளுகிறாள்? இப்போது அது ஒரு மூச்சுவிடும் இடமாகத் தெரிகிறது. வர்ணத்தின் பின்பாதி வேகம் பிடிக்கும். ஸ்வரம் பாடும்போது அடவு, பிறகு அதே மெட்டில் சொற்கள் வரும்போது அபிநயம் என்று மாறி மாறி வரும். இந்த இடத்தில் தூங்குவது கடினம். தூங்க வேண்டுமானால் முன்பாதியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும், நான் செய்ததுபோல.

நாலாம் மாலை: முகம்

வர்ணத்துக்குப் பிறகு அரங்கத்தில் பாதிப் பேர் எழுந்து போவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்து இன்னும் நடுவாக உட்காருங்கள். பதம் வரப்போகிறது.

பதத்தில் காலுக்கு வேலை குறைவு. பாட்டு மெதுவாக, கேட்பவர் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவாகப் போகும். பல பதங்கள் தெலுங்கு, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த க்ஷேத்ரய்யாவுடையவை. தமிழிலும் நல்ல பதங்கள் உண்டு. தாமதமாக வந்த கணவன் சட்டையில் வேறு வாசனை என்கிற மாதிரியான விஷயங்கள்தான், மொழி தெரியாவிட்டாலும் புரியும். இன்று கண்ணையும் உதட்டையும் மட்டும் பாருங்கள்.

பதம் என்றால் டி. பாலசரஸ்வதியைச் சொல்லாமல் இருக்கமுடியாது. வீணை தனம்மாளின் பேத்தி, 1918இல் சென்னையில் பிறந்து 1984இல் மறைந்தவர். தானே பாடிக்கொண்டு அபிநயம் பிடிப்பார். அவரை நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்கு இல்லை. அவர் 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் பேசியபோது மார்கத்தைக் கோயிலோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், அதைத் தாண்டி மண்டபங்கள், வர்ணத்தில் சன்னிதிக்கு முன்னால் வந்துவிடுகிறோம், பதம் கருவறையின் குளிர்ச்சி, தில்லானா கற்பூர ஆரத்தி. இதைப் படித்த பிறகு வர்ணம் முடிந்ததும் எழுந்து போகிறவர்களைப் பார்த்தால், கருவறை வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் போலத் தெரிகிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சதிர் என்ற பெயரில் இந்த ஆட்டத்தையும் இந்தப் பதங்களையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் தேவதாசிக் குடும்பங்களும் நட்டுவனார்களும். 1931இல் மியூசிக் அகாடமி மேடையேற்றியது அப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த கல்யாணி என்பவரின் மகள்களான ராஜலட்சுமியையும் ஜீவரத்தினத்தையும். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கலை சபா மேடைக்கு வந்தது, அந்தக் குடும்பங்களில் பலர் மேடையைவிட்டே மறைந்தார்கள். சபாவில் ஒரு நல்ல பதத்தைப் பார்க்கும்போது இது யார் வீட்டுக் கூடத்திலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி, கலாக்ஷேத்ரா பாணி என்று இடைவேளையில் விவாதம் நடக்கும். முதல் ஆண்டு அதில் தலையிடாதீர்கள். தலையாட்டினால் போதும்.

கூட்டமாக ஆடுவது

தனி ஆட்டம் நாலைந்து பார்த்தபின் நாட்டிய நாடகத்துக்குப் போகலாம். பாலே என்று நாம் நினைப்பதற்குச் சற்று நெருக்கமானது இதுதான்: பல பாத்திரங்கள், முழுக்கதை, திரைச்சீலை, ஒளியமைப்பு. குழந்தைகளை அழைத்துப் போவதற்கும் இதுவே வசதி. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி அமைத்த இராமாயணம் ஆறு பகுதிகள் கொண்டது. 1955இல் தொடங்கி 1970இல்தான் முடிந்தது. இசையை மைசூர் வாசுதேவாச்சாரியார் தொடங்க, அவருக்குப் பின் பேரன் எஸ்.ராஜாராம் முடித்தார். அங்கே போகும்போது அரை மணி நேரம் முன்னதாகவே போங்கள். மரங்களுக்கு நடுவே நடந்து போகும் அந்த மண் பாதையும், கேரளக் கோயில் கூத்தம்பலத்தின் சாயலில் எழுப்பிய அரங்கும் அவசரமாகப் பார்க்கவேண்டியவை அல்ல. பறக்கும் ரயிலில் திருவான்மியூரில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோதான்.

நாட்டிய நாடகத்தில் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அலையும். ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து அவரோடு போங்கள். முடிந்தால் ராமனை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் ஒரு சேடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனக்கு வேலை இல்லாத நேரத்திலும் அவள் கதைக்குள்ளேயே நிற்கிறாளா, விளக்கைப் பார்க்கிறாளா என்பதில் குழுவின் தரம் தெரிந்துவிடும்.

குச்சிப்புடி, ஒடிசி, கதக் எல்லாம் சீசனில் கலந்து வரும். பித்தளைத் தட்டின் விளிம்பில் நின்று ஆடினால் அது குச்சிப்புடி. மற்றவற்றை நானும் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கைதட்டலும் கிளம்புவதும்

தீர்மானம் விழுந்ததும் தட்டலாம், உருப்படி முடிந்ததும் தட்டலாம். பதத்தின் நடுவில் தட்டாதீர்கள். ஒரு கண்ணசைவு பிடித்துப்போனால் நாக்கை லேசாக "த்சு" என்று கொட்டினால் போதும், சபாவில் அதற்கு மதிப்பு அதிகம். எழுந்து போக வேண்டியிருந்தால் இரண்டு உருப்படிகளுக்கு நடுவே போங்கள். ஆடிக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் வாசலை நோக்கி நடப்பது தெரியும். எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று ஒரு நாட்டியக்காரர் என்னிடம் சொன்ன பிறகு நான் நடுவில் எழுந்ததில்லை.

தில்லானா முடிந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருங்கள். இன்னும் மங்களம் இருக்கிறது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. வேர்வையில் கண்மை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, நடராஜருக்கும் குருவுக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் சபைக்கும் கைகூப்புவார்கள். அரங்கேற்றமாக இருந்தால் இந்த இடத்தில் அம்மாக்கள் அழுவார்கள். நான் தூங்கிய அந்த முதல் நாளில் நண்பரும் அழுதார், நானும் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குள் வாசலில் வண்டி எடுக்கும் நெரிசலும் தீர்ந்திருக்கும்.